வைக்கோலுக்குள் வெந்த சோறு

ஐயா,

திருமங்கலத்துக்கும் காளவாசலுக்கும் இடையில் ஒரு மணி நேரப் பஸ் தூரம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீயும் மல்லிகாவும் வந்துவிட்டுத்தான் போகிறீர்கள். அப்படியிருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நேரில் பேச முயன்று பார்த்தேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் நீ தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுகிறாய். இத்தனை வருஷம் டெலிபோன் ஆபீஸில் உட்கார்ந்து ஊரில் யார் யாரோ பேசிக்கொள்ள லைன் போட்டுக் கொடுத்தவள் நான். என் பிள்ளையோடு பேச எனக்கு லைன் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மல்லிகாவும் இதைப் படிக்கலாம். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பசுமலையில் மல்லிகா வீட்டில், கல்யாணம் பேசி முடித்த அன்று நீ சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேச வேண்டும். உன் மாமனார் உன்னிடம் பதமாகத்தான் கேட்டார். "எங்க பொண்ணு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கல்யாணத்துக்குப் பெறகும் வேலைக்குப் போறதுல மாப்ளைக்குச் சம்மதந்தானே?" நீ சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். "வேணாம் மாமா. என்னைய வளத்தது எங்கம்மா இல்ல, ஒரு வைக்கோல் பெட்டி. எம்பிள்ளையையும் பெட்டி வளக்க வேணாம்." எல்லோரும் சிரித்தார்கள். பெட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு கோரையை எடுத்து மறுபடி உள்ளே செருகிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் நீ கேட்டாய், "ஏம்மா, ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?" என்று. "இல்லய்யா" என்றேன். நீ சொன்னதில் தப்பு இருந்தது என்று அப்போதும் நான் நினைக்கவில்லை. பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதி உனக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் மறந்துவிட்டாய்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பே நான் வேலையில் இருந்தேன். உன் அப்பா மில்லில். இரண்டு பேருக்கும் ஷிப்டு. அவர் காலை ஷிப்டு போகும் வாரம் எனக்கு மத்தியானம் இருக்கும், எனக்குக் காலை இருக்கும் வாரம் அவர் சாயங்காலம் கிளம்புவார். காளவாசல் லைன் வீட்டில் ஒரு அறையும் ஒரு அடுக்களையும். விறகு அடுப்பு ஒன்று, மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் வரிசை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஆறிப்போன சோறுதான். அப்போதுதான் எனக்கு டி. கல்லுப்பட்டி ஆசிரமத்தில் தங்கிப் படித்தபோது பார்த்த ஒன்று ஞாபகம் வந்தது. அங்கே ஒரு மரப்பெட்டியில் வைக்கோலை அடைத்து, கொதித்த பானையை அதற்குள் புதைத்துவிடுவார்கள். நெருப்பே இல்லாமல் அந்தச் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் மறுநாளே ஒரு பழைய தேயிலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்தது. "இது நல்லதுதான், சூடு வெளிய போகாது" என்று அவரே சொன்னார். ஊரிலிருந்து என் அண்ணன், உன் மாமா, இரண்டு சாக்கு வைக்கோல் பஸ் மேலே போட்டு அனுப்பினார். அதை நெருக்கித் திணித்து, நடுவில் குண்டான் உட்காரும் அளவுக்குக் குழி செய்து, மேலே அழுத்த ஒரு வைக்கோல் தலையணையும் தைத்தோம்.

முதல் வாரம் நாங்கள் தின்றது சோறே இல்லை. ஓரம் குழைந்து நடுவில் அரிசி அரிசியாகக் கிடந்தது. பருப்பு கல்லாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், "என்ன மதினி, வைக்கோலுக்குள்ள ஆக்குறீக, சோறு உங்களுக்கா மாட்டுக்கா?" என்று கேட்டார்கள். உன் அப்பாதான் விடவில்லை. மில்லில் ஒரு எந்திரம் மக்கர் செய்தால் அதன் முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி அந்தப் பெட்டியின் முன்னால் நின்றார். கஞ்சி வடிக்கிற சோறு இதற்கு ஆகாது, தண்ணீரை அளந்து வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர் அவர். பானை பாதி காலியாக இருந்தால் சூடு நிற்காது, முக்கால் பானைக்கு மேல் இருக்க வேண்டும் என்றதும் அவர்தான். பருப்போடு புளியையும் உப்பையும் சேர்த்து வைத்தால் சாகும்வரை வேகாது என்று நான் சொன்னேன். இப்படி ஆளுக்கொன்றாகக் கற்றோம். பிறகு அந்தப் பெட்டியில் நாங்கள் செய்யாதது இல்லை. பாசிப்பருப்பும் அரிசியும் சீரகமும் போட்ட சோறு. ஊறவைத்த மொச்சையோடு கத்தரிக்காய். தட்டைப்பயறு. மழை நாளில் மிளகு தட்டிப் போட்ட கொள்ளு ரசம். மார்கழியில் பால் உறையாதபோது தயிர்கூட அதற்குள்தான் உறைந்தது.

ஐயா, எனக்கும் உன் அப்பாவுக்கும் குடும்பம் என்று நடந்ததில் பாதி அந்தப் பெட்டி வழியாகத்தான் நடந்தது. நான் விடியுமுன் எழுந்து கொதிக்க வைத்துப் புதைத்துவிட்டுப் போவேன். அவர் வந்து எடுத்துச் சாப்பிடுவார். மறு வாரம் அவர் புதைப்பார், நான் எடுப்பேன். முகம் பார்த்துப் பேச நேரம் இல்லாத நாட்களில், இன்றைக்கு உப்புக் கூடினதா, கறிவேப்பிலை போட்டாரா என்பதில் அவர் மனசு எனக்குத் தெரியும். சண்டை போட்ட மறுநாள் குண்டானைத் திறந்தால் நெய் வாசம் வரும். வீட்டில் நெய் இருப்பதே அபூர்வம். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

பிறகு நீ வந்தாய். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. பஞ்சைப் பிரிக்கிற இடத்தில் பல வருஷம் நின்றவர். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியாமல் போனது, பிறகு தெரு முனை வரை நடக்க முடியாமல் போனது, பிறகு மில்லிலிருந்து நின்றுவிட்டார். நான் வேலைக்குப் போக அவர் வீட்டில் இருந்தார். அந்தக் காலத்தில் ஆம்பிளை வீட்டில் இருந்தால் தெரு எப்படிப் பார்க்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "நீ போயிட்டு வா. நானும் உம்மகனும் பெட்டியத் தொறந்துக்கிறோம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு வேலை கிடைத்தவன் முகம் இருந்தது.

மத்தியானம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவாய். பெட்டியைத் திறப்பதை ஒரு கோயில் கொடை மாதிரி நடத்துவீர்கள் நீங்கள் இரண்டு பேரும். உள்ளே என்ன இருக்கிறது என்று நீ வாசத்தை வைத்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் முதல் அகப்பை உனக்கு. தப்பாகச் சொன்னாலும் உனக்குத்தான். சாப்பிட்டுக்கொண்டே நீ வகுப்பில் நடந்தது அத்தனையும் அவரிடம் ஒப்பிப்பாய். நான் திரும்பி வந்ததும் அவர் எனக்குச் சொல்வார், மூச்சு வாங்க வாங்க, உன் குரலிலேயே. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பெட்டி வளர்த்தது என்று நீ சொன்னபோது இந்த வருஷங்களை நீ அதில் சேர்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தார். அவர்தான் உன்னை வளர்த்தார்.

அவர் போன போது நீ ஆறாம் வகுப்பு. கடைசி மாதங்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கரண்டிச் சோறு, அதை முக்க ரசம், அவ்வளவுதான். உனக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதற்காக அதையும் தட்டில் போட்டுக்கொண்டு அளைந்துகொண்டிருப்பார். கருமாதி முடிந்ததும் உன் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செக்கானூரணிப் பக்கம் நம் ஊரில் அப்போது அவருக்குக் கிணற்றுப் பாசனம் நல்ல நிலையில் இருந்தது.

"இங்ஙன தனியா இருந்து என்னத்தா செய்யப் போற? பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வா. நெலம் இருக்கு, நான் இருக்கேன்" என்றார்.

"வரலண்ணே" என்றேன்.

"வேலைக்குப் போகாம நம்ம வீட்ல எவளும் பட்டினி கெடந்ததில்ல."

"பட்டினிக்காக இல்லண்ணே."

"பெறகு எதுக்கு?"

பிள்ளையின் படிப்பு, மதுரையில்தான் நல்ல பள்ளிக்கூடம் என்று எதையோ சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டு போய்விட்டார். ஊரும் ஒத்துக்கொண்டது. புருஷன் இல்லாதவள், பிள்ளைக்காக வேலைக்குப் போகிறாள் என்றால் யாரும் குறை சொல்வதில்லை. நீயும் அப்படித்தான் நினைத்திருக்கிறாய். போன மாதம்கூடச் சொன்னாய், "உனக்குக் கஷ்டம், அதனால வேலைக்குப் போன. அவளுக்கு என்னம்மா கஷ்டம்? நான் சம்பாதிக்கிறேன்ல" என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஐயா, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை நான் உன் மாமாவிடம் சொல்லவில்லை, உன்னிடமும் இதுவரை சொன்னதில்லை. காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, அம்மா இல்லை, கைம்பெண் இல்லை. மதுரை ஆபரேட்டர். பம்பாயில் இருக்கிறவனும் கல்கத்தாவில் இருக்கிறவனும் நான் லைன் கொடுத்தால்தான் பேச முடியும். அந்தக் காலத்து டிரங்க் கால் உனக்குத் தெரியாது. பாதி நேரம் ஒரு பக்கத்தில் பேசுவது மறுபக்கம் கேட்காது. நடுவில் இருக்கிற எங்களுக்கு இரண்டும் கேட்கும். அப்போது நாங்கள் சொல்லிக் கொடுப்போம். உசிலம்பட்டித் தபால் ஆபீஸில் காத்திருந்து ஒரு அம்மா பம்பாயில் இருந்த மகனோடு பேச வருவாள். லைனில் ஒரே இரைச்சல். "என்னம்மா சொல்றான்? எனக்குக் கேக்கலையே" என்பாள். "நல்லா இருக்காராம். சாப்பிட்டாராம்" என்று நான் சொல்வேன். "என்ன சாப்பிட்டானாம்?" அதையும் கேட்டுச் சொல்வேன். அழுகிறவளுக்குச் சமாதானம் சொல்லி, நேரம் முடிகிறது என்று எச்சரித்து, முடிந்த பிறகும் ஒரு நிமிஷம் கண்டுகொள்ளாமல் விடுவேன். ஒரு நாள் முழுக்க அப்படி இருந்துவிட்டு வெளியே வந்தால் உடம்பு முறிந்திருக்கும். ஆனால் நான் இந்த உலகத்தில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். கஷ்டத்துக்காகப் போனேன் என்பது உண்மைதான். கஷ்டமே இல்லாதிருந்தாலும் போயிருப்பேன் என்பதும் உண்மை.

இது உனக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் யாரோ ஒரு பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்று யாரோ ஒரு அம்மாவுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த அதே மத்தியானத்தில், நீ தனியாகப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உனக்குப் பதினொரு வயது.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். கூட வேலை பார்த்தவள் ஒருத்தி ஷிப்டை மாற்றிக்கொள்ளக் கேட்டதால் எதிர்பாராமல் நான் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். உன்னோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உன் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்து நண்பன் யாரோ வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "டிராயிங் சார் இன்னைக்கும் வரலப்பா. அவரு பொண்ணுக்குக் காய்ச்சலாம். நாங்க கிரவுண்டுல வெளையாண்டோம்" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தேன். நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். உன் தட்டுக்கு எதிரே உன் அப்பாவின் பெரிய தட்டு. அதில் இரண்டு கரண்டிச் சோறு, முக்க முக்க ரசம். அவர் கடைசியில் எவ்வளவு சாப்பிட்டாரோ அதே அளவு.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. போய்விடலாம் என்றுதான் கால் திரும்பியது. நீ தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாய். உன் கை அந்தத் தட்டை இழுத்து மறைக்கப் போனது. நான் உள்ளே வந்து அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"எனக்கா போட்டு வச்சிருக்க?" என்று கேட்டேன்.

நீ தட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "ஆமாம்மா" என்றாய்.

நான் சாப்பிட்டேன். சோறு நன்றாக வெந்திருந்தது, நல்ல சூடு. பிறகு மெதுவாக, "செருப்பக் கழட்டலம்மா நீ" என்றாய். குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இருந்தது. நீ என் காலைப் பிடித்து அதைக் கழற்றிக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகும் நீ இரண்டு தட்டு வைத்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சில வாரங்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டேன். எல்லா வாரமும் முடியவில்லை.

நீ பசுமலையில் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வார்த்தைக்குள் இந்தத் தட்டுதான் இருந்தது என்று எனக்குத் தெரியும், ஐயா. அதனால்தான் அன்றைக்கு நான் உன்னை மறுத்துப் பேசவில்லை. உன் பிள்ளை எதிரே ஆள் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று நீ நினைக்கிறாய். அதில் ஒரு எழுத்துக்கூட நான் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நம் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போன வருஷங்களில் நீ தனியாகச் சாப்பிட்டதில்லை. உன் அப்பா போன பிறகுதான் தனியாகச் சாப்பிட்டாய். நம் வீட்டில் குறைந்து போனது அவர். மல்லிகா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் உன் அப்பா திரும்பி வந்துவிடுவாரா? அவர் இருந்த இடத்தில் அவளை உட்கார வைக்கப் பார்க்கிறாய் நீ. அந்த இடத்தில் உட்கார வேண்டியவன் நீதான். நீ வேலை பார்க்கிற பேங்குக்கும் உங்கள் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான். மத்தியானம் வந்து குண்டானைத் திறக்க உனக்கு முடியும். உன் அப்பா செய்தார். அவருக்கு மூச்சு இல்லாத போதும் செய்தார்.

செய்யத் தெரியாது என்று சொல்லாதே. பன்னிரண்டு வயதில் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் ஊசி குத்திச் சரிசெய்யத் தெரிந்தவன் நீ. இப்போது கேஸ் இருக்கிறது, குக்கர் இருக்கிறது, நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு இல்லை. ஆனாலும் காலையில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கும் பேங்குக்கும் ஓடுகிற வீட்டில் குக்கரின் முன்னால் விசில் எண்ணிக்கொண்டு யார் நிற்பது? அந்தப் பழைய பெட்டியை எலி குடைந்துவிட்டது, நான் எப்போதோ எரித்துவிட்டேன். அது போனால் போகிறது. ஒரு டிரங்குப் பெட்டியும் பழைய சமுக்காளமும் போதும். பயறோ மொச்சையோ முதல் நாளே ஊறப்போட்டு விடு. மல்லிகா குளித்து வருவதற்குள் அது நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும். சும்மா ஒரு கொதி போதாது, கால் மணி நேரமாவது கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போய்ப் புளித்துத்தான் நிற்கும். காயைப் பெரிதாக நறுக்கிப் போடு, பொடியாக நறுக்கினால் கரைந்துவிடும். வெங்காயமும் பூண்டும் முழுசாகவே போகலாம். மூடியை இறுக்கி, சுற்றி அடைத்து, மேலே தலையணை வைத்து மூடிவிட்டு, வெந்ததா என்று நடுவில் திறந்து பார்க்காமல் இரு. மத்தியானம் வந்து புளியும் உப்பும் விட்டு, அடுப்பில் மறுபடி ஒரு கொதி கொடுத்துத் தாளித்தால் குழம்பு. சோறும் அப்படியே, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், புது அரிசி என்றால் அதிலும் கொஞ்சம் குறைத்து. முதல் வாரம் நன்றாக வராது. அவளைக் குறை சொல்லாதே, பெட்டியையும் குறை சொல்லாதே. உப்பு கூடினால் கூடினது என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு தின்னுங்கள்.

நான் உனக்கு உத்தரவு போடவில்லை. உத்தரவு போடுகிற அம்மாவாக நான் இருந்ததும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று மல்லிகா மட்டும் என்னைப் பார்க்க வந்திருந்தாள் அல்லவா. சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிடக் காளவாசல் முக்குக்கு வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. லாரியும் ஜட்காவும் ஹாரனும் ஒரே இரைச்சல். அவள் எனக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தாள். பேச்சுக்குப் பேச்சு "அத்தை, அத்தை" என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். அப்போது கடைப் பக்கத்திலிருந்து இரண்டு சின்னப் பெண்கள் ரோட்டைக் கூடச் சரியாகப் பார்க்காமல் ஓடி வந்தார்கள். "டீச்சர், டீச்சர்" என்று இரண்டு பேரும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் வரை அவளிடம் கணக்குப் படித்த பிள்ளைகள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தலில்கூட அந்த முகம் இல்லை.

ஒருத்தி சொன்னாள், "பரிச்சை லீவுக்கு முன்னாடி வந்த புது டீச்சர் கணக்க அம்புட்டு வேகமாப் போடுறாங்க டீச்சர். எழுதுறதுக்குள்ள அழிச்சிடுறாங்க."

மல்லிகா குனிந்து அவள் பின்னலைச் சரிசெய்தாள். "மெதுவாப் போடுங்கன்னு கேக்க வேண்டியதுதான" என்றாள்.

"பயமா இருக்கு டீச்சர்."

மற்றவள் கேட்டாள். "ஜூன்ல நீங்கதான டீச்சர் வருவீங்க?"

மல்லிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. பி.எஸ்ஸி., பி.எட். படித்தவள், ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள், தன் வேலைக்குத் தான் வருவாளா மாட்டாளா என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டதற்கு, பதில் என்னிடம் இருக்கிறது என்று நினைத்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்து வார்த்தையை அந்தப் பக்கம் எடுத்துச் சொன்னவள் நான். "வருவாங்க" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "வரமாட்டாங்க" என்று சொல்ல மனசு இல்லை.

அதற்குள் திருமங்கலம் பஸ் வந்துவிட்டது. "நல்லாப் படிங்க, வாரேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அவள் ஏறிவிட்டாள். நம் பக்கத்தில் போறேன் என்பதற்குப் பதில் வாரேன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தப் பிள்ளைகள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் நகர்ந்ததும் ஒருத்தி மற்றவளை இடித்து, "சொன்னேன்ல, வருவேன்னு சொல்லிட்டாங்கடி" என்றாள். இரண்டு பேரும் குதித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டுத் திருத்தவில்லை.

அம்மா